டெஸ்ட் என்று சொன்ன லைவ்: ஒரு சனிக்கிழமை இரவின் நிகழ்வு ஆய்வு

கேட்டில் நின்ற லாரியால்தான் விஷயம் வெளியே வந்தது. மார்ச் மாதம், சனிக்கிழமை, இரவு பத்தேகால். அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் செக்யூரிட்டி, டிஸ்பாட்ச் மேஜைக்கு போன் போட்டு, "சார், ஓசூர் வண்டி கிளம்பணும், நோட் நம்பர் அடிச்சா அப்படி ஒண்ணு இல்லைன்னு வருது" என்றார். அடுத்த வண்டிக்கும் அதே பதில். மூன்றாவது வண்டிக்கும் அதுவே வந்ததும் டிஸ்பாட்ச்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தத் தொழிற்சாலையின் சாஃப்ட்வேரை வெளியிலிருந்து பார்த்துக்கொள்வது எங்கள் கம்பெனி. நான் வேளச்சேரியில் வீட்டில் இருந்தேன், தட்டில் பாதி தோசை. அதற்குச் சற்று முன்புதான், 9.52-க்கு, கிண்டி அலுவலகத்திலிருந்து எங்கள் பையன் ஒருவன் டெஸ்ட் டேட்டாபேஸில் ஸ்கிரிப்டை ஓட்டி முடித்து, "முடிஞ்சுது சார்" என்று வாட்ஸ்அப் போட்டிருந்தான். வருடக் கணக்கு முடிப்பதற்கான ஒத்திகை அது. பில் போடாமல் நிலுவையில் இருக்கும் டிஸ்பாட்ச் நோட்டுகள் இருந்தால் கணக்கு முடியாது என்பதால், டெஸ்டில் அவற்றை அழித்துவிட்டு ஒத்திகை பார்ப்போம். தினசரி வேலை நடக்கும் லைவ் டேட்டாபேஸில் அதே நோட்டுகள் என்றால் நிஜ வண்டி, நிஜ சரக்கு. இரண்டு செய்தியையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆனது: டெஸ்ட் என்று நினைத்து ஓட்டியது லைவில் ஓடியிருந்தது. தோசை அப்படியே இருந்தது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. இந்த விபத்தைத் தடுக்க வேண்டிய சோதனை அந்த ஸ்கிரிப்டிலேயே இருந்தது, ஆனால் கமெண்ட் போட்டு முடக்கப்பட்டிருந்தது. அது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த டேட்டாபேஸின் பெயர் என்ன? அதிகாரம் குறைந்த ஒரு அக்கவுண்டிலிருந்து இதைக் கேட்டால் எத்தனை விதமாகப் பதில் வரும், அவற்றில் எதை நம்பலாம் என்பது தெரியாமல் போனதுதான் அந்த இரவின் வேர்.

முதலில் களம். ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 11ஜி ரிலீஸ் 2. 2009-ல் வந்தது. நீட்டித்த சப்போர்ட்டும் 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது, ஆனாலும் நான் போய்வரும் தொழிற்சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லைவ் ஒரு சர்வரில், டெஸ்ட் இன்னொன்றில். எங்களுக்குக் கொடுத்திருந்தது அப்ளிகேஷன் அக்கவுண்ட். அந்த அப்ளிகேஷனின் டேபிள்கள் எல்லாம் அதற்குச் சொந்தம், அதற்கு வெளியே ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. டேட்டாபேஸ் முழுவதையும் நிர்வகிக்கும் டிபிஏ அதிகாரம் ஹெட் ஆபீஸில் ஒரே ஒருவரிடம். அவரிடம் எதைக் கேட்டாலும் டிக்கெட், டிக்கெட்டுக்கு ஆடிட்டர் கையெழுத்து. இதில் எனக்குக் குறையில்லை. வெளியாள் கையில் கொத்துச்சாவியைக் கொடுக்கக் கூடாது.

சோதனை செத்த கதை

அந்தச் சோதனையை முதலில் எழுதியது எங்கள் சீனியர் அக்கா, இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். வி டாலர் டேட்டாபேஸ் என்ற வியூவில், அதாவது டேபிள் போலப் படிக்கக்கூடிய ஒன்றில், பெயரைக் கேள், லைவ் என்று வந்தால் நின்றுவிடு. கையடக்கமான, சரியான சோதனை. அந்த வியூ பெயரை எடுப்பது கன்ட்ரோல் ஃபைலிலிருந்து. டேட்டாபேஸ் உயிர்பெறும்போதே படிக்கும் கோப்பு அது, ஆகவே அங்கே இருப்பதுதான் அசல் பெயர். அக்காவின் லேப்டாப்பில், டிபிஏ அதிகாரம் கொண்ட சொந்த டேட்டாபேஸில், அழகாக ஓடியது.

எங்கள் அக்கவுண்டில் ஓட்டினால் ஓரா-00942 என்ற பிழைச் செய்தி: டேபிளோ வியூவோ இல்லை.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. "இல்லை" என்பதற்கு அங்கே இரண்டு அர்த்தம். நிஜமாகவே இல்லாமல் இருக்கலாம், அல்லது இருந்தும் உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஆரக்கிள் இரண்டுக்கும் ஒரே வாசகத்தைச் சொல்கிறது. கடன்காரர் கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்தே "வீட்டில் யாரும் இல்லை" என்று குரல் வருவது மாதிரி. அனுமதி இல்லாதவருக்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதைக்கூடக் காட்டக் கூடாது என்பது கொள்கை. நியாயமானதுதான். ஆனால் அதைப் படித்தவுடன், வெர்ஷன் பிரச்சினையா, ஸ்பெல்லிங் பிரச்சினையா என்று நாங்கள் அரை நாள் தேடினோம். இன்ஸ்டன்ஸ் பெயரைச் சொல்லும் வி டாலர் இன்ஸ்டன்ஸும் அதே பதில். கட்டளைகளை அடிக்கும் எஸ்கியூஎல் பிளஸ் திரையில் ஷோ பாராமீட்டர் என்று அடித்தாலும் அதே பதில், ஏனென்றால் அந்தக் கட்டளையும் உள்ளுக்குள் ஒரு வி டாலர் வியூவைத்தான் படிக்கிறது.

சரி என்று டிபிஏ சாருக்கு டிக்கெட் போட்டோம். அவர் வி டாலர் டேட்டாபேஸ் மீது கிராண்ட், அதாவது படிக்கும் அனுமதி, கொடுக்கப் போக, அவருக்கு ஓரா-02030 என்ற பிழை வந்தது. வி டாலர் என்று நாம் வெளியிலிருந்து கூப்பிடுவது ஒரு பொதுப் பெயர் மட்டும்தான். அனுமதி கொடுக்க வேண்டியது அடியில் இருக்கும் வியூவுக்கு, அதன் பெயரில் வி-க்கும் டாலருக்கும் நடுவே ஒரு அண்டர்ஸ்கோர் இருக்கும். அவர் வேலை நெருக்கடியில், "கிராண்ட் கொடுக்க முடியவில்லை" என்று டிக்கெட்டை மூடிவிட்டார். திரும்பத் திறந்தோம். இந்த முறை செலக்ட் கேட்டலாக் ரோல் என்ற ரோலை, அதாவது பல அனுமதிகளின் தொகுப்பை, கொடுத்தார். ஒரு பெயரைப் படிக்க, டேட்டாபேஸின் உள் விவர அகராதி முழுவதையும் படிக்கும் உரிமை. கேட்டதைவிடக் கூடுதல்தான், ஆனால் யார் வேண்டாம் என்பார்கள்?

எஸ்கியூஎல் பிளஸ் பிராம்ப்டில் நேராக அடித்துக் கேட்டோம், பெயர் வந்தது. கைகுலுக்கிக்கொண்டு சோதனையை ஸ்டோர்டு புரொசீஜருக்குள், அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்துவைக்கும் நிரலுக்குள், வைத்தோம். மறுபடியும் 942. ஒரே அக்கவுண்ட், ஒரே வரி, பிராம்ப்டில் ஓடுகிறது, புரொசீஜருக்குள் ஓடவில்லை. காரணம் இதுதான்: உரிமையாளரின் உரிமையில் ஓடும் புரொசீஜருக்குள், வழக்கமாக எழுதும் எல்லாப் புரொசீஜரும் அப்படித்தான், ரோல் வழியாக வந்த அனுமதி எதுவும் செல்லாது. நேரடியாகக் கொடுத்த கிராண்ட் மட்டுமே செல்லும். இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் ஆடிட்டர் அந்த ரோலையே பிடுங்கச் சொல்லிவிட்டார். மொத்தம் இரண்டு வாரம் போனது.

அப்போது யாரோ ஒருவர் குளோபல் நேம் என்ற வியூவைக் கண்டுபிடித்தார். இதை எல்லா அக்கவுண்டும் படிக்கலாம், பப்ளிக்குக்கே கிராண்ட் உண்டு. ஒரே ஒரு வரி, அதில் டேட்டாபேஸ் பெயர். டிக்கெட் வேண்டாம், ரோல் வேண்டாம். புரொசீஜருக்குள்ளும் ஓடியது. லைவில் ஓட்டிப் பார்த்தோம், லைவ் என்றது. அத்தோடு நிறுத்திவிட்டோம். டெஸ்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. இந்த ஆய்வில் என் பெயருக்கு நேரே எழுத வேண்டிய தவறு இதுதான், சரிபார்த்து ஓகே சொன்னது நான்.

சென்னையில் பல வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண் இருக்கும். தபால்காரர் பழகிவிட்டார், புதிதாக வரும் டெலிவரிப் பையன்தான் தெருவை மூன்று முறை சுற்றுவான். வீடு மாறிப் போகிற ஒருவர், பழைய வீட்டுச் சுவரிலிருந்த எண் தகட்டையும் கழற்றி எடுத்துப் போய்ப் புது வீட்டில் மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? குளோபல் நேமில் நடப்பது அதுதான். அது கன்ட்ரோல் ஃபைலைப் பார்ப்பதில்லை. ப்ராப்ஸ் டாலர் என்ற உள் டேபிளில் எழுதிவைத்த ஒரு வரி அது, டேட்டா ஃபைலுக்குள்ளேயே கிடக்கிறது. டிபிஏ சார் டெஸ்டை உருவாக்கும் முறை: லைவை நிறுத்தி, டேட்டா ஃபைல்களை நகலெடுத்து, புதிய பெயரோடு கன்ட்ரோல் ஃபைலை மறுபடி உண்டாக்கி, புதிய பெயரில் திறப்பது. கன்ட்ரோல் ஃபைலில் பெயர் மாறிவிடும். நகலான அந்த ஒரு வரி மட்டும் மாறாது. டேட்டாபேஸைத் திருத்தும் கட்டளை ஒன்றில் ரீநேம் குளோபல் நேம் என்று ஒருவர் தனியாகச் சொன்னால்தான் மாறும். யாரும் சொல்லவில்லை.

ஆக, டெஸ்டில் ஓட்டினால் சோதனை "இது லைவ்" என்று சொல்லி நின்றது. எங்கள் பையன் டிபிஏ சாருக்குப் போன் போட்டான். "தம்பி, அது டெஸ்டுதான், தாராளமா ஓட்டு" என்றார். அவர் சொன்னது உண்மை. அவன் அந்தச் சில வரிகளுக்குக் கமெண்ட் போட்டு ஓட்டினான். அதுவும் அன்றைக்குச் சரி. வீட்டுக்காரரைப் பார்த்தே குரைக்கிற நாயைக் கட்டித்தான் போடுவார்கள். திரும்ப அவிழ்த்துவிட வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த இரவு

பையன் உட்கார்ந்திருந்தது பொது லேப்டாப் ஒன்றின் முன்னால். ஜனவரியில் அது தொழிற்சாலையில் இருந்தது. அப்போது டெஸ்ட் சர்வரின் டிஸ்க் போயிருந்தது, ஒரு ரிப்போர்ட்டை மேனேஜருக்குக் காட்ட வேண்டியிருந்தது. யாரோ, எந்தப் பெயருக்கு எந்த சர்வர் என்று எழுதிவைக்கும் டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பைத் திறந்து, டெஸ்ட் என்ற பெயருக்கு நேரே லைவ் சர்வரின் முகவரியைப் போட்டுவிட்டார்கள். "ரெண்டு நாளைக்குத்தானே." அந்த ரெண்டு நாள் மார்ச் வரை வந்தது.

பாஸ்வேர்ட் தடுத்திருக்குமே என்று கேட்பீர்கள். தடுக்கவில்லை. நகலெடுக்கும்போது யூசர்களும் பாஸ்வேர்டுகளும் சேர்ந்தே நகலாகின்றன. டெஸ்டின் பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை என்பதால் ஒரே பாஸ்வேர்ட் இரண்டு கதவையும் திறந்தது.

எனக்கு மிகவும் உறுத்தியது பிராம்ப்ட். எல்லா லேப்டாப்பிலும் எஸ்கியூஎல் பிளஸ் பிராம்ப்டில் யூசர் பெயரும் டேட்டாபேஸ் பெயரும் தெரியும்படி நானே அமைத்துக் கொடுத்திருந்தேன், தவறு நடக்கக் கூடாது என்று. அன்று அவன் திரையில் எழுத்துக்கு எழுத்து டெஸ்ட் என்றே இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் வைத்திருந்தான், பாவம். ஆனால் பிராம்ப்ட் எடுத்தது கனெக்ட் ஐடென்டிஃபையர் என்ற மாறியை. அதில் இருப்பது டேட்டாபேஸ் சொன்ன பெயர் அல்ல, லாகின் செய்யும்போது நாம் அடித்த பெயர். நாம் சொன்னதையே அது நமக்குத் திருப்பிச் சொல்கிறது. கிளிப்பிள்ளை.

ஸ்கிரிப்டின் பதிவுக் கோப்பில் 386 வரிகள் அழிந்ததாக இருந்தது. கமிட்டும் ஆகியிருந்தது, அதாவது அழித்தது உறுதியாகிவிட்டது.

மீட்டது

டிபிஏ சாரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பேக்கப்பிலிருந்து எடுப்பதென்றால் அவர் வேண்டும், விடியும்வரை ஆகும். ஆனால் டேபிளுக்குச் சொந்தக்காரரான அக்கவுண்டுக்கு ஒரு வழி உண்டு. ஒரு டேபிளைக் குறிப்பிட்ட நேரத்தில் இருந்தபடியே படிக்கலாம், ஆஸ் ஆஃப் டைம்ஸ்டாம்ப் என்று சேர்த்தால் போதும். சொந்த டேபிளுக்குக் கூடுதல் அனுமதி எதுவும் வேண்டாம். மாற்றத்துக்கு முந்தைய தகவலை ஆரக்கிள் தற்காலிகமாக வைத்திருக்கும் அண்டு என்ற இடத்தில் பழைய நிலை இருக்கும்வரைதான் இது நடக்கும். அதை வைத்திருக்கும் காலம், அண்டு ரிடென்ஷன், இயல்பாக 900 நொடி, அதாவது 15 நிமிடம். நமக்கோ ஏற்கெனவே 25 நிமிடம் தாண்டிவிட்டது. நெருக்கடி இல்லாத டேட்டாபேஸில் அதற்கு மேலும் தங்கும், அந்த நம்பிக்கையில்தான் கேட்டேன்.

9.50-ல் இருந்தபடி நோட் டேபிளைக் கேட்கச் சொன்னேன். 9.52 என்று கேட்கவில்லை. நேரத்தைக் கொடுத்தால் ஆரக்கிள் அதை உள் எண்ணாக மாற்றும்போது மூன்று நொடிவரை முன்பின் போகலாம், விளிம்பில் நிற்கக் கூடாது. போனின் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "சார், 386 வருது."

"நேரா இன்சர்ட் போடாதே. முதல்ல தனி டேபிள்ல கொட்டு."

கொட்டினான். மூச்சு வந்தது. அந்த மூச்சு ஒன்பது நிமிடம்தான் நீடித்தது. நோட்டுகளைத் திருப்பிப் போட்டதும் டிஸ்பாட்ச்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோட் வந்துடுச்சு சார், உள்ளே பொருளே இல்லை." ஒவ்வொரு நோட்டின் கீழும் பொருள் வரிகள் இன்னொரு டேபிளில் இருந்தன. தாயை அழித்தால் பிள்ளைகளும் தானாக அழியும்படி டிசைன். தானாக அழிந்த வரிகளைப் பதிவுக் கோப்பு எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, அதனால் 386 என்ற எண்ணைப் பார்த்து முழுதும் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டோம். அந்த டேபிளையும் 9.50-க்குக் கேட்டோம். அண்டு இன்னும் இருந்தது. சனிக்கிழமை இரவு என்பதால் தப்பித்தோம். வாரநாள் மதியமாக இருந்திருந்தால் ஓரா-01555 என்ற "ஸ்னாப்ஷாட் மிகப் பழையது" வாசகத்தைப் பார்த்திருப்போம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு சின்னத் தலைவலி. இன்சர்ட் ஆகும்போது பதிவு நேரத்தை ஒரு ட்ரிக்கர், அதாவது தானாக ஓடும் நிரல், எழுதும். ஆக 386 நோட்டும் ஒரே நிமிடத்தில் பிறந்தது போல ஆனது. ட்ரிக்கரை நிறுத்தியிருக்கலாம், சொந்த ட்ரிக்கரை நிறுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆனால் அந்த நேரத்தில் டிஸ்பாட்ச் மேஜையில் புது நோட்டுகள் விழுந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு நேரமே இல்லாமல் போயிருக்கும். தனி டேபிளில் இருந்த பழைய நேரத்தைப் பிறகு அப்டேட் செய்தோம். பதினொன்றரைக்கு ஓசூர் வண்டி கேட்டைத் தாண்டியது.

இப்போது கேட்கும் விதம்

திங்கட்கிழமை டிபிஏ சாரும் நானும் உட்கார்ந்தோம். அவரிடம் மறுபடி கிராண்ட் கேட்கத்தான் போனேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை என்பது அங்கேதான் புரிந்தது. சிஸ் கான்டெக்ஸ்ட் என்ற ஃபங்க்ஷன், அதில் யூசர்என்வி, டிபி நேம் என்று இரண்டு சொல். டூயல் டேபிளிலிருந்து கேட்டால் எந்த அக்கவுண்டுக்கும் பதில் வரும், புரொசீஜருக்குள்ளும் வரும். இரண்டு வாரம் டிக்கெட்டில் அலைந்தது இதற்குத்தான்.

இதையாவது நம்பலாமா? நம்பலாம். அது காட்டுவது டிபி நேம் என்ற தொடக்க பாராமீட்டரை. டேட்டாபேஸ் மவுண்ட் ஆகும்போது, அதாவது கன்ட்ரோல் ஃபைலைத் திறக்கும் கட்டத்தில், ஆரக்கிள் அந்தப் பெயரையும் கன்ட்ரோல் ஃபைலில் உள்ள பெயரையும் ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் ஓரா-01103 சொல்லி மவுண்டே ஆகாது. ஆகவே திறந்து ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் இந்தப் பெயர் பொய் சொல்ல வழியில்லை. அக்கா முதல் நாள் கேட்ட அதே உண்மை, வேறு வாசல் வழியாக.

ஆனால் பெயர் உண்மையாக இருப்பது வேறு, தனித்துவமாக இருப்பது வேறு. லைவை அதே பெயரில் இன்னொரு சர்வரில் நிறுத்த எதுவும் தடை இல்லை. டேட்டா கார்டு என்ற வசதியில் மாற்று நகலாக ஸ்டாண்ட்பை வைத்தால் அதற்கும் டிபி நேம் அதேதான், டிபி யூனிக் நேம்தான் வேறுபடும். அதனால் யூசர்என்வியிலேயே சர்வர் ஹோஸ்ட் என்று கேட்டு மெஷின் பெயரையும் சேர்த்துக்கொண்டோம். 12சி வெர்ஷன் முதல் வந்த, ஒரு கன்டெய்னருக்குள் செருகிவைக்கும் பிளகபிள் டேட்டாபேஸுக்குள் நின்று டிபி நேம் கேட்டால் வருவது அந்தப் பிளகபிளின் பெயர், வெளிக் கன்டெய்னரின் பெயர் அல்ல. ஒரு நாள் இந்தத் தொழிற்சாலை வெர்ஷன் மாறும்போது அதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய மாற்றம் கேள்வியில் இல்லை, பதிலை வைத்து என்ன செய்கிறோம் என்பதில். முன்பு லைவ் என்றால் நில் என்றது. இப்போது டெஸ்ட் என்றும் டெஸ்ட் மெஷின் என்றும் வந்தால் மட்டும் ஓடு என்கிறது. பதில் வராவிட்டாலும், புதுப் பெயர் வந்தாலும், 942 வந்தாலும் நிற்கும். டிபிஏ சார் தன் பக்கம் நகலெடுக்கும் குறிப்பில் இரண்டு வரி சேர்த்தார்: குளோபல் நேமை மாற்று, பாஸ்வேர்டுகளை மாற்று. பிராம்ப்டையும் லாகின் கோப்பில் சிஸ் கான்டெக்ஸ்டிலிருந்து எடுக்கும்படி மாற்றினேன், நாம் அடித்த பெயர் இனி அங்கே வராது.

மற்ற டேட்டாபேஸ்களில் இவ்வளவு கூத்து இல்லை. போஸ்ட்கிரெஸில் கரண்ட் டேட்டாபேஸ் என்ற ஃபங்க்ஷன் யாருக்கும் பதில் சொல்லும். எஸ்கியூஎல் சர்வரில் டிபி நேம் என்ற ஃபங்க்ஷன். மைஎஸ்கியூஎல்லில் டேட்டாபேஸ் என்று கேட்டால் வரும், ஆனால் எதையும் யூஸ் சொல்லித் தேர்ந்தெடுக்காவிட்டால் நல், அதாவது வெறுமை, என்று வரும். மூன்றிலும் வருவது சர்வருக்கு உள்ளே இருக்கும் ஒரு டேட்டாபேஸின் பெயர்தான், எந்த சர்வர் என்பதை அது சொல்லாது. இரண்டு சர்வரிலும் அதே பெயர் வைத்திருந்தால் கதை மறுபடி அம்பத்தூருக்கே வந்து நிற்கும்.

ஜூனில் டெஸ்டைப் புது மெஷினுக்கு மாற்றினார்கள், எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஏழு மணி டிராஃபிக்கில் கத்திப்பாராவில் நிற்கும்போது பையனிடமிருந்து போன்.

"சார், ஸ்கிரிப்ட் நின்னுடுச்சு. பேரு டெஸ்டுன்னுதான் வருது, மெஷின் பேரு மட்டும் வேற."

"கமெண்ட் போட்டுட்டியா?"

"இல்ல சார். டிபிஏ சார் தாராளமா ஓட்டுன்னு சொல்றாரு. மெயில்ல மெஷின் பேரு போட்டு அனுப்புங்கன்னு அவர்கிட்ட கேட்டிருக்கேன், வந்ததும் ஓட்டறேன்."